பீட்டில் காரின் கூரைத் துணி: கழற்றியதும் கட்டியதும்

பழைய காரில் ரூஃப் லைனிங் தொங்க ஆரம்பித்தால் எல்லோருக்கும் முதலில் தோன்றுவது, துணியை மாற்றிவிடலாம் என்பதுதான். குஷன் கடைக்குப் போய் விலை கேட்பார்கள், நிறம் பார்ப்பார்கள். நான் இந்த வேலையைச் சொந்தக் கையால் செய்து முடித்த பிறகு ஒன்றைத் திடமாகச் சொல்வேன். சிங்கப்பூரில் நிற்கும் பழைய காரின் கூரைத் துணி கெட்டுப்போயிருந்தால், அதற்கு மேலே ஏதோ ஒன்று அதற்கு முன்பே கெட்டுவிட்டது. துரு, ஒழுகும் ரப்பர், ஈரம் குடித்த ஸ்பஞ்ச், இவற்றில் ஏதாவது ஒன்று இருக்கும். துணி அதை மறைத்துக்கொண்டிருப்பதால் நாம் பார்ப்பதில்லை. அதைச் சரிசெய்யாமல் புதுத் துணி கட்டினால் செலவு செய்த காசு வீண்.

என்னுடையது 1968-ஆம் ஆண்டு ஃபோக்ஸ்வாகன் பீட்டில் 1300. நிலப் போக்குவரத்து ஆணையத்தின் கிளாசிக் வாகனத் திட்டத்தில் இருக்கிறது. குறைந்தது 35 வயதான கார்களுக்கான திட்டம் அது; வருடத்துக்கு 45 நாள்தான் சாலையில் ஓட்டலாம். அப்படியானால் மிச்சம் 320 நாள் கதவும் கண்ணாடியும் மூடி, கார் சும்மா நிற்கிறது. நம் ஊரில் விடியற்காலையில் காற்றின் ஈரப்பதம் 90 விழுக்காட்டைத் தாண்டும்; மழையில்லாத பிற்பகலில் 60 விழுக்காடு வரை இறங்கும். ஓடுகிற காரில் காற்று உள்ளே போய் வரும், ஈரம் காயும். நிற்கிற காரில் அந்த ஈரம் கூரைத் தகட்டுக்கும் துணிக்கும் நடுவே போய்த் தங்கிவிடும். பத்திரமாக வைத்திருக்கிறோம் என்று நினைத்து மூடிவைக்கும் கார்தான் மேலிருந்து சீக்கிரம் அரிக்கிறது.

வேலையில் இறங்கும் முன் உங்கள் காரில் எந்த வகைக் கூரைத் துணி இருக்கிறது என்று பாருங்கள். இரண்டு வகை உண்டு. பழைய கார்களில் வில்போல் வளைந்த கம்பிகள் கூரையின் குறுக்கே நிற்கும். துணியின் மேல்புறத்தில் தைத்த பட்டிகளுக்குள் அந்தக் கம்பிகள் நுழைந்திருக்கும். பாவாடைக்கு நாடா கோர்க்க மடித்துத் தைப்போமே, அதே மாதிரி. துணி நடுவில் கம்பியில் தொங்கும், ஓரத்தில் மட்டும் ஒட்டியிருக்கும். பீட்டில், மோரிஸ் மைனர், மினி எல்லாம் இந்த வகை. அடுத்த வகையில் அச்சில் வார்த்த ஒரு பலகை இருக்கும். மெல்லிய ஸ்பஞ்ச் ஒட்டிய துணியை அதன் மேல் பசையால் ஒட்டியிருப்பார்கள். எண்பதுகளின் கார்களில் இதுதான் அதிகம்.

பலகை வகையைப் பற்றி இங்கேயே சொல்லிவிடுகிறேன். இப்போது எண்பதுகளின் கார்களும் 35 வயதைத் தாண்டி கிளாசிக் திட்டத்துக்குள் வருகின்றன, அதனால் கேட்பவர்கள் அதிகம். என் நண்பருடைய வோல்வோ 240-இல் துணி தலையில் இடிக்கும் அளவுக்கு இறங்கிவிட்டது. அவர் முதலில் ஊசி வழியாகப் பசை ஏற்றிப் பார்க்கலாமா என்று கேட்டார். வேண்டாம் என்றேன். இந்த வகையில் விட்டுப்போவது பசை கிடையாது. துணியின் முதுகில் உள்ள பாலியூரிதேன் ஸ்பஞ்ச் ஈரத்தாலும் சூட்டாலும் சிதைந்து பொடியாகிவிடுகிறது. விரலால் தேய்த்தால் ஆரஞ்சு நிறத்தில் பிசுபிசுப்பான தூள் வரும். புதிதாக ஏற்றும் பசை அந்தத் தூளைத்தான் பிடிக்கும், பலகையைப் பிடிக்காது. ஆகவே பலகையை வளைக்காமல் வெளியே எடுத்து, பழைய ஸ்பஞ்சை நைலான் பிரஷால் ஒரு பொட்டு மிச்சமில்லாமல் தேய்த்தெடுத்து, புதிய ஸ்பஞ்ச் துணியைப் பாதி மடித்துப் பாதி பாதியாக ஒட்டுவதே சரி. அது ஒரு வார இறுதியில் முடிகிற வேலை. வில்கம்பி வகை அப்படி இல்லை.

சரி, பீட்டிலுக்கு வருவோம். பழைய துணியைக் கிழித்து எறியும் முன் அதில் உள்ள கறைகளை நன்றாகப் பாருங்கள், படம் எடுத்து வையுங்கள். மேலே என்ன நடக்கிறது என்பதற்கு அதைவிட நல்ல சாட்சி கிடைக்காது. முன் கண்ணாடியின் மேல் மூலைகளில் பழுப்பு வளையம் இருந்தால் கண்ணாடியின் ரப்பர் பீடிங் ஒழுகுகிறது. கதவுக்கு மேலே ஓரமாக நீண்ட கறை இருந்தால் கூரை ஓரத்தில் ஓடும் மழைநீர் வாய்க்காலின் இணைப்பு விட்டிருக்கிறது. தையல் கோட்டின் மேலேயே குறுக்காகப் பழுப்புக் கோடு ஓடினால் வில்கம்பியே துருப்பிடித்திருக்கிறது. கூரையின் நடுவில் அங்கங்கே புள்ளி புள்ளியாக இருந்து, தண்ணீர் வர வழியே இல்லை என்றால், தகட்டின் உள்பக்கம் வியர்த்துச் சொட்டியிருக்கிறது. என் காரில் முன் மூலைக் கறையும் இருந்தது, குறுக்குக் கோடுகளும் இருந்தன.

இடம்தான் பெரிய பிரச்சினை. வீடமைப்பு வளர்ச்சிக் கழகத்தின் (வீவக) அடுக்குமாடிக் குடியிருப்புக் கார் நிறுத்துமிடத்தில் முன்னும் பின்னும் கண்ணாடியைக் கழற்றிவைத்து வேலை பார்க்க முடியாது. காக்கி புக்கிட்டில் பட்டறை வைத்திருக்கும் அண்ணன் ஒருவர் ஒரு மூலையை ஒதுக்கிக் கொடுத்தார். எல்லை தாண்டி மலேசியாவின் ஜோகூர் பாருவில் கொடுத்தால் மலிவாக முடியும் என்று பலர் சொன்னார்கள். துணி கட்டும் கூலி அங்கே குறைவுதான். ஆனால் துணிக்கு மேலே உள்ள தகட்டை யார் எவ்வளவு பொறுமையாகப் பார்ப்பார்கள் என்பதை நான் பக்கத்தில் இருந்து பார்க்க வேண்டும் என்று நினைத்தேன்.

உள் விளக்கு, சன்வைசர், பின்பார்வைக் கண்ணாடி, கைப்பிடி வார் எல்லாவற்றையும் முதலில் கழற்றினேன். ஒவ்வொன்றின் திருகையும் தனித்தனிச் சின்னப் பையில் போட்டுப் பெயர் எழுதினேன். அப்புறம் கதவு விளிம்புகளில் மடித்து ஒட்டியிருந்த துணியை மட்டும் பிரித்துக் கீழே தொங்கவிட்டேன். கண்ணாடிகளை அப்போது தொடவில்லை. காரணம், ஒழுகலை நேரில் பார்க்க இதுதான் தருணம். என் மச்சான் வெளியே நின்று குழாயால் மெதுவாக, கீழிருந்து மேலாகத் தண்ணீர் விட, நான் உள்ளே டார்ச்சோடு உட்கார்ந்து பார்த்தேன். வேகமாகப் பீய்ச்சக் கூடாது. எந்த இடத்தில் நுழைகிறது என்று தெரியாமல் எல்லா இடமும் நனைந்துவிடும். இடது மேல் மூலையில் பீடிங்குக்கு அடியிலிருந்து ஒரு துளி உருண்டு வந்து, விளிம்புத் தகட்டின் மேல் நின்று, அப்புறம் கூரையைத் தாங்கும் பக்கத் தூணுக்குள் இறங்கியது. அந்தத் தூணின் அடியில் இருந்த துருவுக்கும் அன்றைக்குத்தான் காரணம் தெரிந்தது.

பிறகு கண்ணாடிகள். முன், பின், பின்பக்கத்துப் பக்கவாட்டுக் கண்ணாடிகள் எல்லாம் வெளியே வர வேண்டும். பீட்டிலில் கூரைத் துணியின் ஓரம் கண்ணாடியின் பீடிங்குக்கு அடியில் போய் ஒட்டுகிறது, அதனால் வேறு வழியில்லை. பீடிங்கை எப்படியும் மாற்றத்தான் போகிறோம்; காய்ந்து போன ரப்பரைக் காப்பாற்றப் பார்க்காமல் உள் உதட்டைக் கத்தியால் அறுத்து எடுத்தால் கண்ணாடிக்கு ஆபத்தில்லை.

வில்கம்பிகளைக் கழற்றும்போது அவசரம் கூடாது. எல்லாம் ஒரே மாதிரி தெரியும், ஆனால் ஒவ்வொன்றின் நீளமும் வளைவும் வேறு. முன்னாலிருந்து பின்னாக எண் போட்டு, இடது முனை எது என்றும் மாஸ்கிங் டேப்பில் எழுதி ஒட்டுங்கள். முனைகள் உட்காரும் ஓட்டையில் புஷ், அதாவது கம்பி தகட்டில் உரசாமல் தடுக்கும் சின்ன வளையம், இருந்தால் அது உடைந்திருக்கிறதா என்று பாருங்கள். புஷ் இல்லாத கம்பி தகட்டில் உரசி, ஓடும்போது கடகடவென்று சத்தம் போடும். துணி கட்டிய பிறகு அந்தச் சத்தம் எங்கிருந்து வருகிறது என்று கண்டுபிடிப்பதே பெரும்பாடு. என் கம்பிகளை எமரித் தாளால் பளபளவென்று தேய்த்து, துருவைத் தடுக்கும் அடிப்பூச்சான எபாக்ஸி பிரைமர் அடித்து, மேலே பெயின்ட்டும் அடித்தேன். துருவோடு திரும்பப் போட்டால் புதுத் துணியிலும் அதே பழுப்புக் கோடு வரும்.

துணி இறங்கியதும் உள்ளே இருந்ததைப் பார்த்தேன். எனக்கு முன்னால் கார் வைத்திருந்த யாரோ, வெயில் தாங்கவில்லை என்று, மெத்தைக்குப் போடுகிற சாதாரண ஸ்பஞ்சைக் கூரைத் தகட்டில் ஒட்டியிருக்கிறார்கள். கையால் அமுக்கினேன். மழை பெய்து சில நாள் ஆகியும் விரலிடுக்கில் தண்ணீர் கசிந்தது. அந்த ஸ்பஞ்ச் ஒட்டியிருந்த இடம் முழுக்க மேல்தகட்டின் உள்பக்கம் செம்பழுப்பாக இருந்தது. ஒட்டாமல் விட்ட இடத்தில் தொழிற்சாலையில் அடித்த பெயின்ட் அப்படியே இருந்தது. எல்லைக்கோடு கிழித்த மாதிரி வித்தியாசம். சூட்டுக்காகப் போடும் எதுவும் நீரை உறிஞ்சக் கூடாது என்பதற்கு வேறு விளக்கம் தேவையில்லை.

இந்த இடத்தில்தான் அதிக நேரம் போனது, போகவும் வேண்டும். முகக்கவசம் போட்டுக்கொண்டு பழைய ஸ்பஞ்சைச் சுரண்டினேன். பசையின் மிச்சத்தை ஹேர் டிரையரால் சூடாக்கி, பிளாஸ்டிக் சுரண்டியால் எடுத்தேன். கூரைத் தகடு மெல்லியது. பவர் டூல் வைத்துத் தேய்த்தால் சூடேறி, வெளிப்பக்கம் அலை அலையாக வளைந்துவிடும். அதனால் கையால்தான் ஒயர் பிரஷ். துருவின் பொருக்கு போன பிறகு பாஸ்பாரிக் அமிலம் உள்ள துரு மாற்றி தடவி, அது கறுத்துக் காய்ந்ததும் எபாக்ஸி பிரைமர். முன் கண்ணாடியின் விளிம்புத் தகட்டில் இடது மூலையில் ஊசித்துளைகள் இருந்தன. அதைப் புட்டி போட்டு மூடலாம் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். புட்டி ஈரத்தை உறிஞ்சும், ஒரு மழைக்காலம் தாங்கினால் அதிகம். பட்டறை அண்ணன் அந்தத் துண்டை வெட்டியெடுத்து, புதுத் தகடு வைத்து வெல்டிங் செய்து கொடுத்தார். வெல்டிங் வேலை எதுவாக இருந்தாலும் துணிக்கு முன்பே முடிய வேண்டும். ஒரு பொறி போதும், புதுத் துணியில் ஓட்டை விழ. மழைநீர் வாய்க்காலின் இணைப்பு முழுக்கப் பழைய சீலரைக் கிளறி எடுத்துவிட்டுப் தகட்டு இணைப்பில் தண்ணீர் புகாமல் அடைக்கும் புது சீம் சீலர் போட்டேன்.

உள் விளக்குக்குப் போகும் ஒயரையும் அப்போதே மாற்றுங்கள். மேல்தோல் வெடித்த ஒயரைத் துணிக்குள் வைத்து மூடுவது எனக்குச் சம்மதமில்லை.

வெப்பத் தடுப்புக்கு மூடிய நுண்ணறைகள் கொண்ட ஃபோம் ஷீட் போட்டேன், 5 மில்லிமீட்டர் தடிமன். இது தண்ணீரில் ஊறாது. சத்தம் குறைக்க தார் ஷீட் போடுபவர்கள் உண்டு. தரையில் போடலாம், கூரையில் வேண்டாம். நேர் வெயிலில் நிற்கும் காரின் கூரைத் தகடு கை வைக்க முடியாத அளவு கொதிக்கும், தார் இளகித் துணியின் மேல் வழியும். ஃபோமைப் போட்டாலும் வில்கம்பி தொடும் இடங்களில் ஒரு விரல் அகலம் விட்டு வெட்ட வேண்டும். கம்பி ஃபோமில் அழுந்தினால் துணியின் மட்டம் மாறிவிடும்.

இப்போதுதான் துணி! பீட்டிலில் அறுபதுகளின் தொடக்கம் வரை நெய்த துணி. அதற்குப் பிறகு சின்னச் சின்னத் துளைகள் போட்ட வெள்ளை வினைல், அதாவது தோல்போல் இருக்கும் பிளாஸ்டிக் விரிப்பு. என் காருக்கு வினைல்தான் பொருத்தம். வெளிநாட்டில் தைத்தே விற்கிறார்கள். அஞ்சல் செலவு, 9 விழுக்காடு பொருள் சேவை வரி எல்லாம் சேர்ந்தாலும் அது நல்ல வழிதான். அவசரமாக முடிக்க விரும்புகிறவர்கள் அப்படியே வாங்குங்கள். நான் வினைலை மட்டும் வாங்கி இங்கேயே தைப்பது என்று முடிவு செய்தேன். துணி அடிப்புறம் உள்ள வினைலாகப் பார்த்து வாங்க வேண்டும். வினைலை மென்மையாக வைக்கச் சேர்க்கும் எண்ணெய் வருடக்கணக்கில் மெல்லக் கசிந்து பசையை இளக்கும். நடுவில் துணி இருந்தால் அதை ஓரளவு தடுக்கும்.

பழைய துணியைத் தையல் பிரித்து, ஒவ்வொரு துண்டையும் தட்டையாக விரித்து, அதையே மாதிரியாக வைத்துக் குறித்தேன். பழசு ஒரு பக்கம் சுருங்கியிருக்கும், மறுபக்கம் தளர்ந்திருக்கும். அதனால் தையல் கோடுகளின் இடைவெளியை மட்டும் அதிலிருந்து எடுத்து, வெளி ஓரங்களில் எல்லாப் பக்கமும் 5 சென்டிமீட்டருக்குக் குறையாமல் கூடுதலாக விட்டேன். நடுக்கோட்டை ஒவ்வொரு துண்டிலும் பென்சிலால் குறித்தேன். இந்தக் கோடு இல்லாமல் பின்னால் எதுவும் நேராக வராது.

கம்பி நுழையும் பட்டிக்குக் காடாத் துணி. லிட்டில் இந்தியாவில் தேக்கா நிலையத்தின் மாடியில் ரவிக்கை தைக்கும் அக்காவிடம் அந்தப் பட்டிகளை மட்டும் தைத்துத் தரச் சொன்னேன். துணியைக் கையில் வாங்கியதுமே, “தம்பி, இதை நனைச்சுக் காய வைக்கலையா? புதுக் காடா சுருங்கும். தைச்சப்புறம் சுருங்கிச்சுன்னா மேல் துணியையும் சேர்த்து இழுத்துடும்” என்றார். எவ்வளவு சரியான பேச்சு. வினைல் சுருங்காது, காடா சுருங்கும். ஒரே தையலில் இரண்டும் இருந்தால் கோடு முழுக்கச் சுருக்கம் விழுந்துவிடும். கஞ்சி போக நனைத்து, வெயிலில் காயவைத்து, தேய்த்து எடுத்துக்கொண்டு மறுபடி போனேன்.

வினைல் துண்டுகளை இணைக்கும் தையல் வேறு கை. சின் மிங் பக்கம் ஒரு குஷன் கடையில், வாழ்நாள் முழுக்க இதே வேலை பார்த்த சீன அங்கிள் ஒருவர், மேல் பாதமும் சேர்ந்து நகரும் தடித்த தையல் இயந்திரத்தில் தைத்துக் கொடுத்தார். அவர் தையலின் நீளத்தை 4 மில்லிமீட்டருக்கு வைத்தார். நெருக்கமாகத் தைத்தால் பலமாக இருக்கும் என்று நாம் நினைப்போம். வினைலில் நேர்மாறு: ஒவ்வொரு ஊசிக்குத்தும் ஒரு ஓட்டை, நெருங்கிய ஓட்டைகள் வரிசையாக இருந்தால் இழுக்கும்போது அந்த வரியிலேயே கிழியும். நூல் பாலியஸ்டர். பருத்தி நூல் நம் ஈரத்தில் மக்கிவிடும்.

அடுத்து பசை. இந்தப் பதிவில் ஒன்றை மட்டும் படிப்பதாக இருந்தால் இதைப் படியுங்கள். ஸ்பிரே டப்பாவில் வரும் பொதுப் பசை கூரைச் சூட்டில் இளகிவிடும். அதிக வெப்பம் தாங்கும், பிரஷால் தடவுகிற கான்டாக்ட் பசைதான் வேண்டும். இரண்டு பக்கமும் தடவி, விரலில் ஒட்டாத பதம் வரும் வரை காத்திருந்து, பிறகு அழுத்த வேண்டும். இது எந்த ஊரிலும் உள்ள விதி. நம் ஊருக்கு மட்டும் கூடுதலாக ஒன்று இருக்கிறது. பசையில் உள்ள கரைப்பான் ஆவியாகும்போது மேற்பரப்பு குளிர்கிறது. காற்றில் ஈரம் அதிகமாக இருந்தால் அந்தக் குளிர்ந்த பரப்பில் நீர் படிகிறது. கண்ணுக்குப் பசை காய்ந்த மாதிரி தெரியும். உண்மையில் அதன் மேல் ஒரு மெல்லிய நீர்ப்படலம் உட்கார்ந்திருக்கும். அப்படி ஒட்டினால் ஒட்டாது.

இதை முதலில் ஒரு பழைய தகட்டில் சோதித்துப் பார்த்தேன். முந்தின இரவு மழை பெய்த ஒரு காலை ஒன்பது மணிக்கு ஒரு வினைல் துண்டு, வெயில் அடித்த பிற்பகல் மூன்று மணிக்கு இன்னொரு துண்டு. அதே பசை, அதே காத்திருப்பு. காலைத் துண்டுக்குத் தடவிய பசை காயக் காயப் பால் நிறத்தில் மங்கியது. மறுநாள் நகத்தால் ஓரத்தைத் தூக்கியதும் முழுசாகக் கையோடு வந்தது. பிற்பகல் துண்டை இழுத்தபோது பசை விடவில்லை, வினைலின் முதுகில் இருந்த துணிதான் பிய்ந்தது. அதன் பிறகு ஒரு சின்ன ஈரப்பதமானியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, 70 விழுக்காட்டுக்கு மேல் காட்டினால் பசை டப்பாவைத் திறப்பதில்லை என்று வைத்துக்கொண்டேன். வேலையைப் பிப்ரவரிக்குத் தள்ளியதும் இதனால்தான். வடகிழக்குப் பருவமழை ஓய்ந்து வரும் அந்த வாரங்களில் காற்று நமக்குக் கிடைக்கக்கூடிய அளவுக்கு உலர்ந்திருக்கும். பசையின் ஆவி மூளையைக் கிறங்கடிக்கும். கண்ணாடியெல்லாம் கழற்றிய காராக இருந்தாலும் மின்விசிறி வைத்து, கரிம ஆவிக்கான வடிகட்டி உள்ள முகமூடி போடுங்கள். பக்கத்தில் யாரும் சிகரெட் பற்றவைக்கக் கூடாது.

துணியைத் தொங்கவிடும் நாள் வந்தது. காலையிலேயே வினைலை வெயிலில் விரித்துப் போட்டுவிட்டேன். சூடேறிய வினைல் பிள்ளைபோல் சொன்னபடி கேட்கும், மடிப்புக் கோடுகளும் தானாகப் போய்விடும். கம்பிகளை எண் பார்த்துப் பட்டிகளில் நுழைத்து, நடுக்கோட்டை ஒன்றோடொன்று சேர்த்து, பின்னாலிருந்து முன்னாக ஒவ்வொன்றாக ஓட்டைகளில் உட்கார வைத்தேன். இந்த நிலையில் எல்லாம் தொளதொளவென்று தெரியும், பயப்பட வேண்டாம். பின் கண்ணாடி விளிம்பின் நடுவில் முதலில் ஒட்டி, அங்கிருந்து முன் கண்ணாடி விளிம்பின் நடுப்பகுதிக்கு இழுத்து, பைண்டர் கிளிப்பால் பிடித்தேன். நடுவிலிருந்து இரண்டு பக்கமும் சமமாக. ஒரு பக்கம் முழுதாக முடித்துவிட்டு மறுபக்கம் போனால் தையல் கோடு சாய்ந்துவிடும்.

பக்கவாட்டில் இழுக்கும்போது ஒவ்வொரு தையலின் முனையிலும் கதிர் கதிராகச் சுருக்கம் விழும். துணியை இன்னும் பலமாக இழுத்தால் போய்விடும் என்றுதான் தோன்றும். போகாது. காரணம் மேலே, கண்ணுக்குத் தெரியாத இடத்தில் இருக்கிறது: காடாப் பட்டி கம்பியோடு ஓரம் வரை போய், துணியை மேலே பிடித்துக்கொண்டிருக்கிறது. பட்டியை மட்டும் முனையிலிருந்து உள்ளே கொஞ்சம் கத்தரிக்க வேண்டும். அதுவும் ஒரே வெட்டாகக் கூடாது. அரை சென்டிமீட்டர் வெட்டி, இழுத்துப் பார்த்து, மறுபடி அரை சென்டிமீட்டர். மூன்றாவது கம்பியின் வலது முனையில் இப்படிச் செய்துகொண்டே வந்தபோது, ஒரு கட்டத்தில் சுருக்கங்கள் எல்லாம் ஒரே நேரத்தில் மறைந்து வினைல் மேளத்தோல் மாதிரி நின்றது. பட்டியை அதிகமாக வெட்டிவிட்டால் துணி கம்பியை விட்டுக் கீழே இறங்கும். அதைச் சரிசெய்ய வழியே கிடையாது.

முழுக்கவும் கிளிப்பில் நிறுத்தி, இரண்டு பக்கமும் பார்த்து, தூரத்தில் நின்றும் பார்த்து, திருப்தியான பிறகுதான் பசை. ஒரு பக்கத்தில் ஒரு கிளிப்பை எடுத்து ஒரு சாண் அளவு தடவி ஒட்டுவது, அப்புறம் எதிர்ப்பக்கம் அதே அளவு. கதவு விளிம்பின் வளைவுகளில் வினைலில் வி வடிவ வெட்டுகள் போட வேண்டிவரும். வெட்டு விளிம்புக்கு 5 மில்லிமீட்டர் முன்பே நின்றுவிட வேண்டும், மடித்த பிறகு உள்ளே எட்டிப் பார்க்கக் கூடாது. பின் கண்ணாடியின் இருபுறமும் துணி கீழே இறங்கும் இடம்தான் இந்தக் காரிலேயே கடினமான பகுதி. மேலும் கீழும் பக்கவாட்டிலும் ஒரே நேரத்தில் இழுக்க வேண்டும். அங்கே இரண்டு பேர் இல்லாமல் தொடாதீர்கள். மச்சான் ஹேர் டிரையரைப் பிடிக்க, நான் இழுத்து ஒட்டினேன். பசை ஈரமாக இருக்கும்போது டிரையர் வேண்டாம், ஆவி தீப்பிடிக்கக் கூடியது.

சன்வைசர், விளக்கு, கண்ணாடி இவற்றின் திருகு ஓட்டைகள் எங்கே என்று பிறகு தேடித் தடவுவதைத் தவிர்க்க, துணி போடும் முன்பே ஒவ்வொரு ஓட்டையிலும் ஒரு பல்குத்தும் குச்சியைச் செருகி வைத்தேன். துணிக்கு வெளியிலிருந்து விரலால் தடவினால் மேடு தெரியும். அந்த இடத்தில் சூடான ஊசியால் ஒரு துளை போதும். கத்தியால் கீறினால் கீறல் ஓடும்.

கண்ணாடிகளைத் திரும்பப் போடுவதற்கு முன் பசைக்கு முழுதாக இறுக நேரம் கொடுங்கள். பீடிங்கைக் கண்ணாடியில் மாட்டி, அலுமினியப் பட்டையை அப்போதே அதில் செருகிவிட வேண்டும். காரில் ஏற்றிய பிறகு அது போகாது. பீடிங்கின் வெளிப்பள்ளத்தில் மெல்லிய நைலான் கயிற்றைச் சுற்றி, இரண்டு முனையும் கீழே நடுவில் ஒன்றன் மேல் ஒன்றாக வருமாறு உள்ளே விட வேண்டும். சோப்புத் தண்ணீர் தடவி, மச்சான் வெளியிலிருந்து உள்ளங்கையால் அழுத்த, நான் உள்ளிருந்து கயிற்றை இழுத்தேன். கயிறு வர வர ரப்பரின் உதடு தகட்டைத் தாண்டி உள்ளே விழும். கயிற்றை முகத்தை நோக்கி இழுக்காமல், கண்ணாடிக்கு ஒட்டினாற்போல் இணையாக இழுக்க வேண்டும். இல்லையென்றால் மடித்து ஒட்டிய வினைலின் ஓரத்தை அது உரித்துக்கொண்டு வந்துவிடும். சோப்புக்குப் பதில் சிலிகான் ஸ்பிரே அடிக்கிறவர்கள் இருக்கிறார்கள். அது எங்கெல்லாம் படுகிறதோ அங்கெல்லாம் அப்புறம் பெயின்ட்டும் ஒட்டாது, பசையும் ஒட்டாது.

மறுபடியும் குழாய், மறுபடியும் டார்ச். இடது மூலையில் துளி வரவில்லை. அதன் பிறகு வந்த பெரிய மழைகளிலும் வரவில்லை.

இப்போது கார் நிற்கும் நாட்களில் வாரம் ஒருமுறை உலர்ந்த பிற்பகலாகப் பார்த்து இரண்டு கதவையும் திறந்து வைக்கிறேன். இருக்கைக்கு அடியில் ஈரம் உறிஞ்சும் பெட்டிகள் வைத்து, நிரம்பியதும் மாற்றுகிறேன். வினைலைத் துடைக்க இளஞ்சோப்பும் ஈரத்துணியும் போதும். பளபளப்புக்காக எண்ணெய்ப் பாலிஷ் போட்டால் துளைகள் அடைபடும், தூசியும் ஒட்டும். மிச்சமான வினைலைத் தூக்கிப் போடாதீர்கள். பிற்காலத்தில் சன்வைசர் கிழிந்தால் அதே வெள்ளை மறுபடி கிடைப்பது அரிது, ஒவ்வொரு தயாரிப்பிலும் நிறம் கொஞ்சம் மாறும். நெடுநாள் மடித்தே வைத்தால் விழும் கோடு பிறகு மறையாது என்பதால் அட்டைக் குழாயில் நல்ல பக்கம் வெளியே தெரியும்படி சுருட்டி வைத்திருக்கிறேன்.